துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு…

ஞாயிற்றுக்கிழமை காலையில் வில்லியனூரில் எங்கள் வீட்டில் இரண்டு சண்டை கட்டாயம் நடக்கும். முதல் சண்டை பேப்பருக்கு. இரண்டாவது, கறி வாங்கப் போவது யார் என்று. அன்றைக்கு இரண்டிலும் நான்தான் தோற்றேன். பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்து செல்போனுக்குள் தலையை விட்டிருக்கிறான். உள்ளேயிருந்து 'ஸ்ளிங்… ஸ்ளிங்' என்று கத்தி உரசுகிற சத்தம்.

"என்னடா, அம்பது வயசு ஆள் மாதிரி காலங்கார்த்தால சீரியலா?"

"சீரியல் இல்ல மாமா. ஜப்பான் படம். இந்த ஆளு பேரு கென்ஷின். சாமுராய். புரட்சி சமயத்துல ராத்திரி ராத்திரியா போய் ஏகப்பட்ட பேரை வெட்டினவன். இப்ப ராஜாங்கமே மாறிப் போச்சு. இனிமே யாரையும் கொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, கூர் இருக்கிற பக்கத்தைத் தன் பக்கம் வெச்ச ஒரு வாளைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா சுத்தறான்."

"கூர் தன் பக்கமா? ஓங்கும்போது கை தவறினா அவனுக்கே பட்டுடுமே!"

"அதான் மாமா மேட்டரே!"

பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பயல். அக்கவுண்டன்ஸி புத்தகத்தை இத்தனை ஆர்வமாகப் பார்த்து நான் கண்டதில்லை. போகட்டும். அவன் அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

"இது கதை மாமா. நெசத்துல இந்த மாதிரி ஆளுங்களுக்கு அப்புறமா நிம்மதி கெடைச்சுதா?"

கறிக்கடை வரிசையில் நிற்கும்போதும் அதே யோசனை. ஈரல் கேட்க மறந்துவிட்டேன். வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

★

முதலில் ஜப்பான் கணக்கை முடித்துவிடுகிறேன். கென்ஷின் கற்பனை. 1994-ல் ஒரு வாரப் பத்திரிகையில் படக்கதையாகத் தொடங்கியது. ஆனால் அந்தக் கற்பனைக்கு ஓரளவு முன்மாதிரியாக நிஜ மனிதர் ஒருவர் இருந்தார். கவகாமி கென்ஸாய். புரட்சிக் காலத்தில் வாளால் பெயர் வாங்கிய நான்கு கொலையாளிகளில் ஒருவர். 1864-ல் கியோட்டோ நகரத்தில் பட்டப்பகலில் சகுமா ஷோஸான் என்கிற அறிஞரை வெட்டினார். ஷோஸான் செய்த தப்பு, வெளிநாட்டுக்குக் கதவைத் திறக்கவேண்டும் என்று சொன்னது. அந்தக் கொலைக்குப் பிறகு கென்ஸாய்க்கு வாளைத் தூக்கவே கை வரவில்லை என்றும் சொல்வார்கள்.

1868-ல் ஆட்சி மாறியது. இவர்கள் ஜெயித்தார்கள்! ஜெயித்த பிறகுதான் வேடிக்கை. புது அரசாங்கம் அதே வெளிநாட்டுக்காரனோடு கை குலுக்கியது. 1876-ல் பொது இடத்தில் வாள் ஏந்தவே தடை போட்டது. சாமுராய்களுக்குப் பரம்பரையாக வந்துகொண்டிருந்த படியளப்பையும் அதே வருஷம் நிறுத்தி, கையில் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பியது. ஆபீஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கட்டாய வி.ஆர்.எஸ்.!

கென்ஸாய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கொள்கையை விடமாட்டேன் என்று நின்றவரை, 1872-ல் அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த அரசாங்கமே தலையை வாங்கிவிட்டது. மற்ற மூன்று பேரில் தனகா ஷின்பெய் 1863-லேயே தற்கொலை. ஒகாதா இஸோவுக்கு 1865-ல் மரண தண்டனை. கிரினோ தோஷியாகி புது ராணுவத்தில் பெரிய அதிகாரி ஆனார். பிறகு அதே அரசாங்கத்தை எதிர்த்துக் கலகம் செய்து 1877-ல் செத்தார்.

நாலுக்கு நாலும் அவுட். இதைச் சொன்னபோது மருமகன் முகம் தொங்கிப் போய்விட்டது.

"அப்ப கடைசியில நிம்மதின்றது படத்துல மட்டும்தானா? நம்ம ஊர் பக்கம் இந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களா மாமா?"

இருந்தார்கள். அதுவும் நம்ம புதுச்சேரியில்.

★

அவனை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பாகூருக்குக் கிளம்பினேன். அங்கே என் பெரியப்பா இருக்கிறார். ரிட்டையர்டு தமிழ் வாத்தியார். ஒரு கேள்வி கேட்டால் மூன்று மணி நேரம் பதில் சொல்லுவார். அதனாலேயே சொந்தக்காரர்கள் அவர் வீட்டு விசேஷத்துக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் போவார்கள்.

பைபாஸ் திருப்பத்தில் இளநீர் வண்டிக்காரர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். பின்னாலிருந்து மருமகன் குசுகுசுவென்று, "மாமா, அந்த ஆளு ஒரு காலத்துல…" என்று ஆரம்பித்தான். "தெரியும்டா, பேசாம வா" என்றேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழியில் கீழூர். வில்லியனூர்க்காரர்களே நிறையப் பேர் வண்டியை நிறுத்தாமல் போகிற ஊர். 1954 அக்டோபர் 18-ம் தேதி, பிரெஞ்சு இந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறிவிட்டது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல். அதற்கு முந்தைய மாதங்களில் நெட்டப்பாக்கம் பக்கமெல்லாம் அமளி துமளியாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசி முடிவு ஓட்டில் முடிந்தது.

நினைவிடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இதையெல்லாம் சொன்னேன். "எட்டு பேர் வேண்டாம்னு போட்டாங்களா? அவங்களை என்ன பண்ணாங்க?" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறார்கள். "ஒண்ணும் பண்ணலடா. வீட்டுக்குப் போனாங்க."

அங்கிருந்து பாகூர் போகிற பாதையில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, புதுச்சேரி எங்கே தொடங்குகிறது என்பதை வயலில் மேய்கிற கொக்குகூடச் சொல்ல முடியாது. ஒரு வளைவு திரும்பினால் கடலூர் மாவட்டம்; அடுத்த வளைவில் மறுபடி நாம். கிழிசல் துணிக்கு ஒட்டுப்போட்ட மாதிரி பூமி. இன்றைக்கு அந்தாண்டையிலிருந்து இந்தாண்டைக்கு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். கையில் மஞ்சள் பை இருக்கும். பைக்குள் கிணுகிணு என்று சத்தம் வரும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் உயிருக்குப் பயந்து வந்தார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் வெள்ளைக்கார போலீஸ் கை வைக்க முடியாது. 1908-ல் பாரதி வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர். அதே வருஷம் லண்டனிலிருந்து தப்பி, ஊர் ஊராக வேஷம் மாற்றி வந்து சேர்ந்தார் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் படிக்கப்போன இடத்தில் சாவர்க்கரோடு சேர்ந்து பாரிஸ்டர் பட்டத்தையே உதறிய ஆள்.

இன்னொருவரும் இருந்தார். சீர்காழி பக்கம் எருக்கூர்க்காரர். நீலகண்ட பிரம்மச்சாரி. 1910-ல் புதுச்சேரியிலிருந்து 'சூரியோதயம்' என்று பத்திரிகை நடத்தினார். அப்போது அவருக்கு வயது இருபது. இருபது வயதில் நான் பாலிடெக்னிக் அரியர் எழுதிக்கொண்டிருந்தேன்.

★

பெரியப்பா ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆகா, மூன்று மணி நேரம் நிச்சயம்!

"தம்பி, வாஞ்சிநாதன் என்ன உத்தியோகம் பார்த்தார்னு தெரியுமா?"

"சுதந்திரப் போராட்ட வீரர், தாத்தா."

"அது உத்தியோகமா? புனலூர்ல திருவாங்கூர் காட்டிலாகாவுல குமாஸ்தா. உங்க மாமா மாதிரி ஃபைல் பார்க்கிற ஆளு."

எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. குமாஸ்தா என்றால் நம்மைப் போல டிபன் பாக்ஸ், லீவு லெட்டர், மேலதிகாரி முகத்தைப் பார்த்துப் பேசுவது என்றுதானே நினைப்போம்? அந்த குமாஸ்தா லீவு போட்டுவிட்டு 1911 தொடக்கத்தில் புதுச்சேரி வந்தார். துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர். கருவடிக்குப்பம் தோப்புப் பக்கம் என்று நம்ம ஊரில் சொல்வார்கள்.

வாஞ்சியை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்த சங்கம் நீலகண்டருடையது. பாரத மாதா சங்கம். திருநெல்வேலிச் சீமை முழுக்க நடந்தே சுற்றி ஆள் சேர்த்திருக்கிறார். குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தமென்று குடித்து, விரலைக் கீறி ரத்தத்தில் கையெழுத்துப் போடுகிற சத்தியம்.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க மனைவியோடு முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். வாஞ்சி ஏறினார், சுட்டார், ஓடினார், கழிவறைக்குள் தன்னையே சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது இருபத்தைந்து. ஆஷுக்கு முப்பத்தெட்டு. எதிர் இருக்கையில் அந்த அம்மாள்.

பெரியப்பா இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கேன். அந்த அம்மாளைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். வாஞ்சி சட்டைப் பையிலிருந்த கடிதத்தில் தேசத்தோடு சேர்ந்து சனாதன தர்மமும் இருந்தது. அதைப் பற்றி இன்றுவரை விவாதம் ஓயவில்லை. அதையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

பிறகு வேட்டை. பதினான்கு பேர் மீது வழக்கு. இரண்டு பேர் அப்ரூவர். பிடிபடுவதற்கு முன்னாலேயே இரண்டு பேர் தற்கொலை. சம்பவம் நடந்தபோது நீலகண்டர் தென்னாட்டிலேயே இல்லை, வடக்கே இருந்தார். தனி ஆளைச் சுடுவதில் அவருக்குச் சம்மதமில்லை, பெரிய எழுச்சிதான் வேண்டுமென்று நினைத்தார் என்றும் சொல்வார்கள். ஆனால் வழக்கில் முதல் எதிரி அவர்தான். 1912-ல் தீர்ப்பு: ஏழு வருஷம் கடுங்காவல்.

★

ஐயர் பிழைத்தார். காரணம், அவர் இருந்தது பிரெஞ்சு மண். இந்தக் கட்டத்தில்தான் ஒரு நகைச்சுவை.

1912-ல் ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு ஜாடி வந்தது. உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், காளி படம்! ஒற்றன் செய்த வேலை. இவர்கள் கூடிப் பேசி, "நாமே போய் பிரெஞ்சு போலீஸில் சொல்லிவிடுவோம்" என்று முந்திக்கொண்டார்கள். பிறகு சோதனைக்கு வந்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட், அரவிந்தர் அலமாரியில் லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைப் பார்த்தார். அசந்துபோனார். லத்தீன் படிக்கிறவன் குண்டு வைப்பானா என்று முடிவு கட்டி மரியாதையாகத் திரும்பிவிட்டார்! பிரெஞ்சுக்காரன் பிரெஞ்சுக்காரன்தான்.

உயிர் பிழைத்த ஐயர் என்ன செய்தார் தெரியுமா? மொழிபெயர்த்தார்.

1914-ல் உலக யுத்தம். எம்டன் வந்து சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போனது. இவர்களை அல்ஜீரியாவுக்கு நாடு கடத்திவிடுவார்கள் என்று பேச்சு. ஐயர் உட்கார்ந்து திருக்குறள் முழுவதையும் சில மாதங்களில் ஆங்கிலத்தில் எழுதி முடித்தார். போகிற உயிர் போகட்டும், ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போவோம் என்கிற அவசரம். 1916-ல் புத்தகமாக வந்தது. அதே நாட்களில்தான் ஒரு குளத்தங்கரை மரம் கதை சொல்வதாக அவர் எழுதிய சிறுகதையும். துப்பாக்கி பிடித்த கை, ஒரு சின்னப் பெண் மனசு உடைந்து செத்துப்போகிற கதையை எழுதியிருக்கிறது. தமிழ்ச் சிறுகதைக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்று பாடப்புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியிருக்கிறோம். யார் எழுதினார் என்று யோசித்தோமா?

1920-ல் பொது மன்னிப்பு. சென்னைக்குத் திரும்பினார். 'தேசபக்தன்' ஆசிரியர். 1921-ல் ஜெயில். அங்கே கம்பராமாயண ஆராய்ச்சி. ஆள் காந்தி பக்கம் திரும்பிவிட்டார். சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார்.

"அப்ப கெடைச்சிடுச்சுல்ல நிம்மதி?" என்றான் மருமகன்.

பெரியப்பா சிரித்தார். "அவசரப்படாத. குருகுலத்துல ரெண்டு பிராமணப் பையனுங்களுக்குத் தனியா சாப்பாடு போட்டாங்க. விஷயம் வெளிய வந்துச்சு. வரதராஜுலு நாயுடு, பெரியார் எல்லாரும் 'தேசியப் பள்ளிக்கூடத்துல தனிப் பந்தியா?'ன்னு கேட்டாங்க. இவரு, இனிமே சேர்றவங்களுக்கு எல்லாம் ஒரே பந்தி, அந்த ரெண்டு பேரோட பெத்தவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன், அதை மீறமாட்டேன்னாரு. காங்கிரஸே ஆடிப்போச்சு."

எனக்கு ஐயர் மேல் கோபம்தான் வந்தது. உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர், இரண்டு தட்டை ஒரே வரிசையில் போடத் துணியவில்லையே! வெள்ளைக்காரனை எதிர்த்து நின்றவருக்கு ரெண்டு அப்பாமார்களை எதிர்த்து நிற்க முடியவில்லை. சுடுவதைவிட இது கஷ்டமோ என்னவோ. ஆபீஸில் மேனேஜரிடம் வாயைத் திறக்காத நான் இதைச் சொல்ல யோக்கியதை உண்டா என்று நீங்கள் கேட்டால், இல்லை.

1925-ல் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார். அந்த ஜூனில் பாபநாசத்துக்கு மேலே அருவிக்குப் பிள்ளைகளோடு போனார். மகள் சுபத்திரை கால் தவறித் தண்ணீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்தார். இருவரும் போய்விட்டார்கள். வயது நாற்பத்து நாலு. சாகிறபோது அவர் கையில் இருந்தது துப்பாக்கி இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. ஏரியில் நாரை ஒன்று மீனைக் கொத்திக்கொண்டு போனது. பெரியம்மா காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். "பசங்களை வெச்சுக்கிட்டு சாவு பேச்சா பேசிக்கினு…" என்று பெரியப்பாவுக்கு ஒரு டோஸ்.

★

"சரி, அந்த இன்னொரு ஆளு?"

நீலகண்டர் 1919-ல் வெளியே வந்தார். முப்பது வயது நெருங்குகிறது. வீடு இல்லை, வேலை இல்லை. பழைய சிநேகிதர்கள் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கம் தாண்டிப் போகிறார்கள். போலீஸ் பின்னால் வருமே என்கிற பயம். சென்னையில் பட்டினி. ஒருநாள் பசி தாங்காமல் பாரதியிடம் வந்து காசு கேட்டார் என்றும், இவருக்கா இந்தக் கதி என்று பாரதி கொதித்துப்போனதில் பிறந்ததுதான் தனி ஒருவனின் பசியைப் பற்றிய அந்தப் பிரசித்தி பெற்ற பாட்டு வரி என்றும் சொல்வார்கள். மேடைக்கு மேடை நாம் கைதட்டுகிற வரி. கைதட்டும்போது பசித்தவன் பெயர் நமக்குத் தெரியாது.

1921 செப்டம்பர் 11-ம் தேதி ராத்திரி, திருவல்லிக்கேணி வீட்டில் பாரதி கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது துணைக்கு விழித்திருந்த இரண்டு மூன்று பேரில் நீலகண்டரும் ஒருவர்.

அடுத்த வருஷமே மறுபடி ஜெயில். சிங்காரவேலரோடு பழக்கம், பொதுவுடைமைத் துண்டுப் பிரசுரம். பத்து வருஷ தண்டனை. 1930-ல்தான் வெளிச்சம் பார்த்தார். கூட்டிப் பாருங்கள்… இருபத்தொரு வயதிலிருந்து நாற்பது வயதுக்குள் பதினைந்து வருஷத்துக்கு மேல் கம்பிக்குப் பின்னால்! நம்மில் ஒருவன் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, ஹவுஸிங் லோன் வாங்கி, பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கிற மொத்தக் காலமும்.

வெளியே வந்தவர் கட்சிக்குப் போகவில்லை. பதவி கேட்கவில்லை. காவி கட்டினார். அலைந்தார். கடைசியில் பெங்களூர் பக்கம் நந்தி மலையில் போய் உட்கார்ந்தார். பெயரும் மாறியது. ஓம்கார் சுவாமி.

"நந்தி ஹில்ஸா?" நான் திடுக்கிட்டுக் கேட்டேன்.

ஏன் திடுக்கிட்டேன் என்றால், போன வருஷம் ஆபீஸ் பசங்களோடு பெங்களூர் போனபோது ராத்திரி மூணு மணிக்கு எழுந்து சூரிய உதயம் பார்க்க அங்கேதான் போனோம். ஒரே கூட்டம், பைக் சத்தம். பனியில் சூரியனே தெரியவில்லை. பதினேழு செல்ஃபி எடுத்து, மசாலா மாங்காய் தின்றுவிட்டு வந்தோம். இப்படி ஒருவர் அங்கே நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு என்ன, அங்கிருந்த யாருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

1947-ல் சுதந்திரம் வந்தது. அவர் மலையில் இருந்தார். கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள், மலையில் இருந்தார். காமராஜர் வந்தார், போனார்; அண்ணா வந்தார், போனார்; எமர்ஜென்ஸி வந்தது, போனது. மணியாச்சியில் குண்டு வெடித்து அறுபத்தாறு வருஷம் கழித்து, 1978 மார்ச் 4-ம் தேதி, எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். ரஜினியின் 'பைரவி' ரிலீஸான வருஷம் சார்! ஆஷ் கொலை வழக்கின் முதல் எதிரி அதுவரை உயிரோடு இருந்திருக்கிறார். ரா.அ. பத்மநாபன் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பெரியப்பாவிடம் ஒரு பிரதி இருக்கிறது. கடன் தரமாட்டார்.

மருமகன் விடவில்லை. "தாத்தா, இவருக்காவது நிம்மதி கெடைச்சுதா?"

பெரியப்பா நிறைய நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாமியார் ஆயிட்டா நிம்மதின்னு நாமளா எழுதிக்கிறோம். வாஞ்சி மூஞ்சி அவருக்கு ராத்திரி வந்துச்சா, வரலையான்னு யாரு கண்டா? இருபத்தஞ்சு வயசுப் பையன். இவரு சங்கத்துப் பையன்."

மூன்று மணி நேரத்தில் பெரியப்பா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

★

திரும்பும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பைபாஸ் திருப்பத்தில் மருமகன்தான் "மாமா, இளநி குடிக்கலாமா?" என்றான். என்னத்துக்குக் கேட்கிறான் என்று தெரியாமலா இருக்கும்!

அந்த இளநீர்க்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் அவர் பேரைச் சொன்னால் கடை ஷட்டர் இறங்கும். வில்லியனூர், பாகூர் பக்கம் நாட்டு வெடிகுண்டு, பழிக்குப் பழி என்று பேப்பரில் அடிக்கடி படிப்பீர்களே, அந்த மாதிரி விவகாரம். காலாப்பட்டு ஜெயிலில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தார். தேசமும் இல்லை, புரட்சியும் இல்லை. நீலகண்டரோடு இவரை வைத்துப் பேசுவது தப்பு என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பையன் கேட்கிற கேள்விக்கு உயிரோடு பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் இவர்தான்.

இளநீரை ஒரு கையில் பிடித்து, மூன்றே வெட்டில் சீவினார். மருமகன் கண் அந்தக் கத்தியைவிட்டு நகரவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. காசை எடுத்து நீட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பயல் கேட்டேவிட்டான்.

"அண்ணே… இப்ப நிம்மதியா இருக்கீங்களா?"

எனக்கு வேர்த்துவிட்டது. அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. வழுக்கையைச் சுரண்ட ஒரு சீவல் வெட்டிக் கொடுத்தபடியே சொன்னார்.

"ராத்திரி நாய் கொரைச்சா இன்னமும் எழுந்துக்கிறேன் தம்பி. யாருன்னு பார்த்துட்டுதான் படுப்பேன். என் வீட்டுக்காரி, 'நாய்தான், படு'ன்னும். அவன் பையன் இப்ப காலேஜ் போறான். உன் வயசு இருக்கும். இந்த வழியாத்தான் பஸ்ஸுக்கு வருவான்."

எவன் பையன் என்று நாங்கள் கேட்கவில்லை.

"உங்ககிட்ட இளநி வாங்குவானாண்ணே?"

"இல்ல. அந்தாண்ட நின்னு பார்ப்பான். பஸ் வந்துச்சுன்னா ஏறிடுவான்." மட்டையை எடுத்துக் கூடையில் போட்டார். "ஒரு நாளைக்கு வருவான். எதுக்கு வருவான்னு தெரியல. வரட்டும். கத்திய மட்டும் அந்த நேரத்துல கையில வெச்சிருக்கக் கூடாதுன்னு இருக்கேன். எட்டே முக்கா பஸ் நேரத்துக்கு அதைத் துடைச்சு சாக்குக்கு அடியில வெச்சிடுவேன். யாரு இளநி கேட்டாலும் செத்த நேரம் இருங்கன்னுடுவேன்."

மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். பத்து ரூபாய் அதிகமாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

வீடு வரைக்கும் மருமகன் ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை காலையில் எப்போதும் எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிறவன், வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு எட்டே முக்கால் பஸ்ஸுக்குப் போனான் என்று அக்கா சொன்னாள். என்ன பார்த்தான் என்று கேட்டேன்.

"கத்திய எடுத்து சாக்குக்கு அடியில வெச்சாரு மாமா. ஒருத்தர் இளநி கேட்டு திட்டிட்டே போனாரு. அந்தப் பையன் அந்தாண்டதான் நின்னுக்கிட்டிருந்தான்."